யூஎஸ் சிட்டிசன்ஷிப் எடுத்தா ஊர் நிலம் என்ன ஆகும்?

நியூஜெர்சில இருக்கற ஒரு வாசகர் கேட்டிருக்கார். கிரீன் கார்டு வந்து 7 வருஷம் ஆச்சாம், கும்பகோணம் பக்கத்துல அப்பா பேர்ல 3 ஏக்கர் நஞ்சை இருக்கு, அப்பா அம்மாவை இங்க கூட்டிட்டு வரணும், ஆனா சிட்டிசன் ஆயிட்டா நிலம் கைய விட்டுப் போயிடும்னு சொந்தக்காரங்க பயமுறுத்தறாங்களாம்.

முதல்ல அந்த பயத்தை விடுங்க சார். விவசாய நிலம் வாங்கற உரிமை உங்களுக்கு இப்பவே கிடையாது, என்ஆர்ஐக்கும் (வெளிநாட்டுல இருக்கற இந்தியக் குடிமகன்) ஓசிஐக்கும் (வேற நாட்டு சிட்டிசன் ஆயிட்ட இந்தியர் வாங்கற கார்டு வெச்சிருக்கறவர்) ஃபெமா, அதாவது அன்னியச் செலாவணிச் சட்டம், ரூல் இதுல ஒண்ணுதான். ரெண்டு பேருமே வாங்க முடியாது, ஆனா வாரிசா வந்தா வெச்சுக்கலாம். இங்க நிறைய பேர் மாட்டிக்கற இடம் ஒண்ணு இருக்கு, அப்பா ஆசையா "இப்பவே தான செட்டில்மென்ட் எழுதிடறேன்டா"ம்பார், பத்திர ஆபீஸ்லயும் சில சமயம் கேள்வி கேக்காம பதிஞ்சு குடுத்துடுவாங்க, ஆனா வெளிநாட்டுல இருக்கற மகனுக்கு விவசாய நிலத்தை தானமா குடுக்க ஃபெமால இடமில்ல. உயில் எழுதச் சொல்லுங்க, அதுல வர்றது செல்லும். பின்னாடி விக்கணும்னா இந்தியாவுல குடியிருக்கற இந்தியக் குடிமகனுக்குத்தான் விக்கலாம், உங்கள மாதிரி இன்னொரு என்ஆர்ஐக்கு முடியாது.

நிஜமாவே போறது ஓட்டு. 1955 குடியுரிமைச் சட்டம் 9வது பிரிவுப்படி இன்னொரு நாட்டு குடியுரிமைய நாமளா வாங்கின உடனே இந்திய குடியுரிமை தானா போயிடும், நீங்க எழுதிக் குடுத்தாதான் போகும்னு இல்ல. ஓசிஐ வாழ்நாள் விசா, அவ்வளவுதான். ஓட்டு கிடையாது, தேர்தல்ல நிக்க முடியாது, அரசு வேலையும் கிடையாது. வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா ஃபார்ம் 7 போட்டு எடுத்துடுங்க, தெருவுல யாரோ பூத் ஸ்லிப் குடுத்தாங்கன்னு போய் மை வெச்சுக்காதீங்க.

இங்க கிடைக்கறதுல உங்களுக்கு முக்கியம் அப்பா அம்மா ஸ்பான்சர். கிரீன் கார்டுல இருந்துட்டு பெத்தவங்களுக்கு போடவே முடியாது, 21 வயசான சிட்டிசன் போடலாம், அதுக்கு வருஷக்கணக்கா க்யூவும் இல்ல. ஆனா அப்பாகிட்ட மொதல்ல கேளுங்க. நடவும் அறுப்பும்னு இருக்கற மனுஷன் இங்க நாலு செவுத்துக்குள்ள வருஷம் பூரா உக்காருவாரா? கிரீன் கார்டு வாங்கிட்டு ஊர்லயே இருந்தா அது நிக்காது, அதுக்கு விசிட்டர் விசாவே போதும்.

கடமைன்னு பாத்தா ஜூரி ட்யூட்டி, கோர்ட்ல கேஸ் கேட்டு முடிவு சொல்ற பொதுமக்கள் குழுவுல உக்கார்றது. லெட்டர் வந்தா போயே ஆகணும். நான் ஒரு தடவை ரெண்டு நாள் கோர்ட் ஹால்ல உக்காந்து புக் படிச்சிட்டு கடைசில செலக்ட் ஆகாம வீட்டுக்கு வந்தேன். டிரைவிங் லைசென்ஸ் லிஸ்ட்ல இருந்து பேர் எடுக்கறதால கிரீன் கார்டுக்காரங்களுக்கும் அந்த லெட்டர் வரும், அப்ப "சிட்டிசன் இல்ல"ன்னு உண்மைய டிக் பண்ணி அனுப்புங்க. அதே மாதிரி லைசென்ஸ் ரின்யூ பண்ற கவுன்ட்டர்ல ஓட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் கேப்பாங்க, தலைய ஆட்டிடாதீங்க. சிட்டிசன் இல்லாம சிட்டிசன்னு சொன்னது ரெக்கார்டுல ஏறினா கிரீன் கார்டுக்கே ஆபத்து, அந்த ஒரு டிக்கை அழிக்கறது ரொம்ப கஷ்டம். டேக்ஸ்ல பெரிய மாத்தம் இல்ல, ஊர் பேங்க் கணக்கெல்லாம் சேத்து வருஷத்துல எப்பயாவது 10,000 டாலர் தாண்டினா எஃப்பார் (வெளிநாட்டு பேங்க் கணக்கு விவரம் சொல்ற ஃபார்ம்) போடணும்ங்கறது இப்பவும் உங்களுக்கு உண்டு.

என்-400, அதாவது சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன், போடறதா இருந்தா கடைசி 5 வருஷத்துல 30 மாசமாவது இங்க இருந்திருக்கணும், 6 மாசத்துக்கு மேல ஒரே தடவையா ஊர்ல தங்கியிருந்தா கேள்வி வரும். 2025 அக்டோபர் 20லேருந்து போடறவங்களுக்கு சிவிக்ஸ் டெஸ்ட் (அமெரிக்க வரலாறு, அரசாங்கம் பத்தின கேள்விகள்) மாறிடுச்சு, 20 கேள்வில 12 சரியா சொல்லணும்.

சிட்டிசன் ஆகறதுக்கான உறுதிமொழி, அதாவது ஓத், எடுத்த நிமிஷத்துலேருந்து இந்திய பாஸ்போர்ட்டை பயணத்துக்கு எடுக்கவே கூடாது, அபராதம் போடுவாங்க. மொதல்ல யூஎஸ் பாஸ்போர்ட், அப்புறம் பழச சரண்டர் பண்ணி சர்ட்டிபிகேட், அப்புறம்தான் ஓசிஐ. பொங்கலுக்கு ஊர்ல இருக்கணும்னு டிக்கெட் போட்டாச்சுன்னா ஓத் தேதிய பாத்துக்கோங்க, ரெண்டும் கிட்ட கிட்ட வந்தா எனக்கு தெரிஞ்ச வரை டிக்கெட்டை தள்ளிப் போடறதுதான் நிம்மதி.