ராணுவ ஜீப் வைத்திருப்பவர்களுக்கு: டெல்லி வாசகர்கள் கேள்வி-பதில்

மயூர் விஹாரில் இருக்கிறோம். அப்பா ராணுவ ஏலத்தில் எடுத்த 1996 மாடல் பெட்ரோல் ஜிப்ஸி வாசலிலேயே நிற்கிறது. விண்டேஜ் என்று பதிந்து ஓட்டலாமா?

இப்போது முடியாது. 2021 விண்டேஜ் விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். டெல்லியிலோ இந்த மாதிரிப் பழைய பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம், டீசலுக்கு 10 வருஷத்தோடு சரி. நடுவில் 35 வருஷம் அந்த வண்டி எங்கே போகும்? நம்மைப் போன்றவர்களை வாட்டுவது இந்த இடைவெளிதான். ஜிப்ஸி விற்பனைக்கு வந்ததே 1985-ல். முதல் வண்டிகூட 2035 வரை காத்திருக்க வேண்டும். என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று) வாங்கி, என்.சி.ஆருக்கு (தேசியத் தலைநகர் வட்டாரம்) வெளியே சொந்தக்காரர் ஊரில் மறுபதிவு செய்யப் பாருங்கள். அதுவரை தெருவில் நிறுத்தாதீர்கள், தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

15 வருஷம் தாண்டிய அரசு வண்டியெல்லாம் ஸ்கிராப்புக்காமே. ராணுவ வண்டியுமா?

2023 ஏப்ரல் முதல் அப்படித்தான் விதி. நாட்டுப் பாதுகாப்பு, சட்டம்-ஒழுங்குப் பணிகளில் உள்ள கவச வண்டி, சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. பழைமைக்கென்று விலக்கு கிடையாது. நொறுக்குவதற்கு முன் சேகரிப்பாளர்களுக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் எத்தனையோ வண்டி பிழைக்கும்.

ஜோங்காவுக்கு (ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்த ஜீப்) பழைய ஆலிவ் பச்சையே அடிக்கலாமா?

கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 121 அந்த நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கே ஒதுக்கியிருக்கிறது. விண்டேஜ் விதி அசல் வடிவத்தைக் கேட்கிறது, இந்த விதி அசல் நிறத்தை மறுக்கிறது. மனசு வலிக்கத்தான் செய்யும். ஒரு ஜோங்காவில் மீட்டரைக் கழற்றியபோது, நீலப் பெயின்டுக்கு அடியில் அந்தப் பச்சை விரலகலத்துக்கு அப்படியே இருந்தது. உங்கள் வண்டியிலும் இருந்தால் சுரண்டிவிடாதீர்கள்.

1972 ஜோங்கா, டீசல் எஞ்சின் மாட்டியிருக்கிறது. விண்டேஜ் கிடைக்குமா?

கஷ்டம். சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஜபல்பூரிலிருந்து ஜோங்கா வந்தது ஆறு சிலிண்டர், சுமார் 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு. மைலேஜுக்காகப் பலர் மாற்றினார்கள். அசல் எஞ்சின் கிடைக்குமா என்று டெல்லி மாயாபுரியின் பழைய வண்டிப் பாகச் சந்தையில் நாலு கடை ஏறி இறங்குங்கள். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்கு. அப்புறம் புதுப்பிக்க 5,000. பதிந்தாலும் தினம் ஆபீசுக்கு ஓட்ட முடியாது; ராலி, கண்காட்சி, பெட்ரோல், ரிப்பேர் இவ்வளவுதான்.

இன்னொன்று: ஏலத்தில் எடுத்தபோது ராணுவம் கொடுத்த ரிலீஸ் தாளைப் பத்திரமாக வையுங்கள். சிவில் பதிவுக்கு முன் வண்டி ராணுவத்தில் உழைத்த வருஷங்களைக் காட்ட உங்களிடம் இருப்பது அதுதான்.