அக்கா கல்யாணமும் மூவி மேக்கரும்

கேள்வி: 2005-ல் வேலந்தாவளத்தில் நடந்த அக்கா கல்யாணத்தை, வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் மூவி மேக்கர் வைத்து அண்ணன் எடிட் செய்தார். அந்த ஹார்டு டிஸ்க் இப்போது கையில் இருக்கிறது. ஆனால் 'எம்எஸ்டபிள்யூஎம்எம்' என்று முடியும் சின்ன ஃபைல் எதிலும் திறக்க மாட்டேன் என்கிறது. பழைய சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டால் படம் வருமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அதை மட்டும் போட்டால் வராதம்மா. அந்த ஃபைலுக்குள் படமே கிடையாது. எந்த கிளிப், எந்த ஃபோல்டரில், எங்கே வெட்டு, எங்கே பாட்டு என்ற குறிப்பு மட்டும்தான். கிளிப் இல்லாமல் திறந்தால் வரிசையாகச் சிவப்புப் பெருக்கல் குறிதான் தெரியும்.

அதனால் முதலில் ஹார்டு டிஸ்க்கை அப்படியே ஒரு காப்பி எடுத்துவிட்டு, ஏவிஐ, டபிள்யூஎம்வி என்று முடியும் வீடியோ ஃபைல்களைத் தேடுங்கள். கேமராவின் மினி டிவி (MiniDV) கேசட்டிலிருந்து ஏற்றியிருந்தால் ஒரு மணி நேரப் படம் கிட்டத்தட்ட 13 ஜிபி இருக்கும்; கண்ணில் படாமல் போகாது. அண்ணன் முடித்து வைத்த டபிள்யூஎம்வி கிடைத்தால் விஎல்சி பிளேயரிலேயே ஓடும், வேறெதுவும் வேண்டாம்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் கேசட்தான் கதி. நம் பக்கத்து இடவப்பாதி மழை ஈரத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். கல்யாண வீடியோ வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: பூஞ்சை தெரிந்தால் கேமராவில் போட்டுப் பார்க்கவே கூடாது. டேப்பும் போகும், டேப்பைப் படிக்கும் ஹெட்டும் போகும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கிளிப் கிடைத்துவிட்டால் பழைய மூவி மேக்கருக்கு வேலை உண்டு. பழைய விண்டோஸ் எக்ஸ்பி சிடி இருந்தால், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பியைப் போட்டு, இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டுத் திறக்கலாம். கிளிப்பை அன்று இருந்த அதே டிரைவ் எழுத்து, அதே ஃபோல்டர் பெயரில் வையுங்கள். புராஜெக்ட் அந்தப் பாதையைத்தான் தேடும். கண்ட தளத்தில் மூவி மேக்கரை இறக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் அதைக் கைவிட்டது. அதே வருடம் போலி மூவி மேக்கர் ஒன்று இறக்கியவர்களிடம் காசு கேட்டது.

திறந்ததும் டிவி-ஏவிஐ (DV-AVI) ஆகச் சேமியுங்கள். அது 720×576 அளவு, இன்டர்லேஸ்டு; அதாவது ஒற்றை வரி, இரட்டை வரி என்று மாற்றி மாற்றிப் பதிவான படம். இன்றைய டிவியில் தாலி கட்டும் கை அசையும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும். வீடியோவை மாற்றும் ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேரில் டீஇன்டர்லேஸ் போட்டு எம்பி4 ஆக்கினால் சரியாகிவிடும்.

புதிதாக எடிட் செய்ய ஷாட்கட் போதும், இலவசம். ஆனால் அண்ணன் வைத்த இதய வடிவ டிரான்சிஷன், பக்கம் புரளும் எஃபெக்ட் எதையும் எடுத்துவிடாதீர்கள். 2005-ல் வீட்டுப் பிள்ளை ஒருவர் ராத்திரி கண் விழித்துச் செய்த கை வேலை அது. எனக்கு அதில் அவ்வளவு மரியாதை. எம்பி4-ஐ வீட்டில் எல்லோருக்கும் அனுப்புங்கள். அசல் ஏவிஐ-யை மட்டும் இரண்டு தனித்தனி டிஸ்க்கில், வேறு வேறு வீட்டில் வையுங்கள்.