அந்த முதல் இருமல் எங்கே போனது?

கேள்வி: என் நண்பர்கள் சிலர் வேப் (இ-சிகரெட்) இழுக்கிறார்கள். ஒருவர்கூட சிகரெட்டைத் தொட்டதில்லை, அந்த நாற்றமே ஆகாது. இது வெறும் ஃப்ளேவர் போட்ட ஆவி. பரீட்சை நேரத்தில் ரெண்டு இழுப்பு இழுத்தால்தான் எங்களுக்கு மண்டையே வேலை செய்கிறது. வகுப்பில் பாதிப் பேர் இழுக்கிறார்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பெரியவர்கள் ஏன் இதற்குப் போய் இந்தக் குதி குதிக்கிறீர்கள்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட 17 வயது வாசகர்)

பதில்: சரி, குதிக்கவில்லை. உட்கார்ந்தே பேசுகிறேன்.

உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் கொடுத்துவிடுகிறேன். சிகரெட்டோடு வைத்துப் பார்த்தால் வேப்பில் கேடு குறைவு. 2015ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பே கிட்டத்தட்ட 95 சதவீதம் குறைவு என்றது. (அந்த எண்ணை வைத்து மருத்துவர்கள் அடித்துக்கொண்டது தனிக் கதை.) ஆனால் அது யாருக்குச் சொன்னது? வருடக்கணக்காகப் பாக்கெட் பாக்கெட்டாக ஊதிவிட்டு, விட முடியாமல் தவிக்கிறவருக்கு. 2003 வாக்கில் இதை உருவாக்கிய சீன மருந்தாளுநர் ஹான் லிக்கும் அப்படித் தவித்தவர்தான். மாடியிலிருந்து விழுவதைவிட நாற்காலியிலிருந்து விழுவது மேல். அதற்காகத் தரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறவர் நாற்காலி தேடி ஏறி விழ வேண்டுமா? சிகரெட்டையே தொடாத உங்கள் நண்பர்கள் வேப்பை ஒப்பிட வேண்டியது சிகரெட்டோடு இல்லை, சும்மா விடும் மூச்சோடு.

அப்புறம் அந்த 'வெறும் ஆவி'. ஆவி என்பது கொதிக்கும் தண்ணீரிலிருந்து வருவது. வேப்பில் சூடாவது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை ரசாயனங்கள், பெரும்பாலும் நிகோடின். அந்த வாசனை ரசாயனம் தின்பண்டத்தில் சேர்க்க அனுமதி பெற்றதாகவே இருக்கட்டும். வயிறு தாங்குவதை நுரையீரலும் தாங்கும் என்று யார் சொன்னது? அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் 'நீ இழுப்பதில் என்ன இருக்கிறது' என்று கேட்டபோது நிறையப் பேர் சொன்னது உங்கள் பதிலைத்தான்: ஃப்ளேவர் மட்டும். ஜூல் என்ற அமெரிக்க வேப்பை இழுத்துக்கொண்டிருந்த பலருக்கு அதில் நிகோடின் இருப்பதே தெரியாது. இத்தனைக்கும் ஜூலில் நிகோடின் இல்லாத வகையே கிடையாது.

எப்படித் தெரியாமல் போகும்? இங்கேதான் என் கதை வருகிறது. நான் முதல் சிகரெட் பிடித்தது 16 வயதில், ஒரு சுவருக்குப் பின்னால். ரெண்டாவது இழுப்பிலேயே கண்ணில் தண்ணீர், தொண்டையில் நெருப்பு, குடலே வெளியே வருகிற மாதிரி இருமல். கூட இருந்த நாலு பேரில் ரெண்டு பேர் அந்த இருமலோடு சரி, அப்புறம் தொடவே இல்லை. நான்தான் பெரிய வீரனாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினேன். விடுவதற்கு 22 வருடம் ஆனது. அந்த ரெண்டு பேரைக் காப்பாற்றியது புத்திமதி இல்லை, இருமல்.

நிகோடின் ஒரு காரம், வேதியியல் அர்த்தத்திலும் தொண்டை அர்த்தத்திலும். பென்சாயிக் அமிலம் சேர்த்து அதை உப்பாக்கினால் கீறல் போய் வழவழவென்று இறங்கும். 2015ல் வந்த ஜூல் இதைத்தான் செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மில்லி திரவத்தில் 20 மில்லிகிராம் நிகோடினுக்கு மேல் கூடாது. அமெரிக்காவில் ஜூல் விற்றது அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதைக்கூட ஒரு 15 வயதுப் பிள்ளை இருமாமல் இழுக்க முடிந்தது. வாசல் காவலாளியை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, 'பாருங்கள், யாரும் தடுக்கவில்லை' என்பது போலத்தான் இது.

சிகரெட்டில் இன்னொரு விஷயமும் உண்டு, விரலைச் சுட்டுவிட்டு முடிந்துபோகும். அடுத்ததைப் பற்றவைக்க ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வேப்புக்கு அப்படி ஒரு முடிவே இல்லை. சட்டைக் கைக்குள், கழிவறையில், போர்வைக்கு அடியில் ஒவ்வொரு இழுப்பாக நாள் முழுக்க ஓடும்.

இப்போது உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த எழுத்துக்கு வருகிறேன். 'இழுத்தால் மண்டை வேலை செய்கிறது' என்று நீங்கள் எழுதவில்லை. 'இழுத்தால்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'தான்' எப்போது வந்து ஒட்டிக்கொண்டது? முதல் மாதம் இருந்திருக்காது. கடைசி இழுப்பு முடிந்து சில மணி நேரத்தில் எரிச்சல், பதற்றம், படித்த வரியையே திரும்பப் படிப்பது எல்லாம் வரும். அடுத்த இழுப்பில் போய்விடும். உடனே 'டென்ஷன் குறைந்தது' என்று தோன்றும். ஃப்யூஸைப் பிடுங்கினவனே திரும்ப வந்து மாட்டிவிட்டு, வெளிச்சம் கொடுத்த வள்ளல் என்று பெயர் வாங்குகிறான்.

சிகரெட்காரர்கள் எவ்வளவு அடிமை என்று அளக்க மருத்துவர்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? ஐந்து நிமிடத்துக்குள் என்றால் முழு மார்க். கண்ணைத் திறக்குமுன் கை தலையணைக்கு அடியில் துழாவுகிறதா என்று உங்கள் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள்.

'பாதிப் பேர்' கணக்கும் இடிக்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இந்தப் பழக்கம் உச்சத்தில் இருந்த 2019லேயே, முந்தைய 30 நாளில் இழுத்ததாகச் சொன்னவர்கள் 27.5 சதவீதம். 2024ல் அது 7.8 ஆகிவிட்டது. இழுக்கிறவன் கண்ணுக்கு உலகமே இழுக்கிறது. இழுக்காதவன் வாசனை விட்டுக்கொண்டா திரிகிறான்?

யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் முதல் ஐந்து வருடத்தில் எனக்கும் எதுவும் ஆகவில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு குட்டு. 2019-20ல் அமெரிக்காவில் வேப் இழுத்து நுரையீரல் பாதித்து சுமார் 2,800 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததையும் 68 பேர் இறந்ததையும் காட்டிப் பிள்ளைகளை மிரட்டுகிறீர்கள். அதில் பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திரவமும், அதில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்டும்தான் குற்றவாளிகள். பாதியை மறைத்துச் சொன்னால் பிள்ளை தேடிக் கண்டுபிடிப்பான். அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டான்.

கடைசியாக, தம்பி, முதல் வரியில் 'என் நண்பர்கள் சிலர்' என்று ஆரம்பித்தவர் பரீட்சை வந்ததும் 'எங்களுக்கு' என்று எழுதிவிட்டீர்கள். கவனிக்காத மாதிரி இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு ஒரு நாள் அதை வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போங்கள். மதியம் எத்தனை மணிக்கு அலமாரி ஞாபகம் வந்தது என்று எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதத்திலும் பெயர் வேண்டாம்.