கச்சா எண்ணெய் இறங்கியும் பெட்ரோல் ஏன் இறங்கவில்லை?

யீஷூனிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தினமும் துவாஸுக்குக் காரில் வேலைக்குப் போய் வருகிறார். 1.6 லிட்டர் ஜப்பானிய கார், லிட்டருக்கு 13 கிலோமீட்டர் சொச்சம் கொடுக்கிறது, மாதம் 1,800 கிலோமீட்டர் ஓடுகிறது. பெட்ரோலுக்கு மட்டும் மாதம் 400 வெள்ளி ஆகிறதாம். “கச்சா எண்ணெய் விலை இறங்கிவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள் அண்ணா, ஆனால் நிலையத்தில் பத்து காசுகூடக் குறையவில்லை, ஏறும்போது மட்டும் மறுநாளே ஏற்றிவிடுகிறார்கள். விலை ஏறப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே டேங்கை நிரப்பி வைக்கலாமா? நான் எப்போதும் 98 ரகப் பெட்ரோல்தான் போடுகிறேன், அது வீணா? ஜோகூருக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தால் மிச்சமாகுமா? என் மச்சான் டீசல் வேன் ஓட்டுகிறார், அவருக்கும் ஏதாவது சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 10 அமெரிக்க டாலர் இறங்கினால் லிட்டருக்கு ஆறேகால் அமெரிக்கக் காசு இறங்குகிறது. டாலருக்கு 1.30 வெள்ளி என்று வைத்தால் அது நம் பணத்தில் எட்டு காசு, பொருள் சேவை வரியையும் சேர்த்தால் ஒன்பது காசு. அவ்வளவுதான். “10 டாலர் சரிவு” என்று செய்தியில் பெரிதாக வரும், கேட்கிறவருக்கு விலை பாதியாகிவிடும் போலத் தோன்றும், ஆனால் மாதம் 135 லிட்டர் போடும் உங்கள் கையில் அது 12 வெள்ளியாகத்தான் வந்து சேரும். அதுவும் முழுசாக வந்து சேர்ந்தால்.

ஏன் இவ்வளவு குறைவு? நீங்கள் லிட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் கச்சா எண்ணெயின் பங்கே சிறியது. கணக்குக்காக 95 ரக பெட்ரோலின் பலகை விலை 2.80 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதில் 66 காசு பெட்ரோல் தீர்வை. 2021 பிப்ரவரி 16 அன்று வரவுசெலவுத் திட்டத்தில் 56 காசிலிருந்து ஏற்றியது அது, 98 ரகத்துக்கு 64 காசிலிருந்து 79 காசானது. இது சதவீதம் இல்லை, லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையாக நிற்கும் தொகை, கச்சா எண்ணெய் 40 டாலருக்கு வந்தாலும் 140 டாலருக்குப் போனாலும் அந்த 66 காசு அசையாது. அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, அதில் ஒரு பகுதி தீர்வையின் மீதும் விழுகிறது, 2.80க்குள் அது 23 காசு. ஆக 89 காசு வரியிலேயே போய்விட்டது. கச்சா எண்ணெய் 70 டாலர் என்றால் லிட்டருக்கு 57 காசு. அதைப் பெட்ரோலாக மாற்றும் ஆலையின் லாபம் சில காசுகள். மீதி இருப்பது நிலத்தின் வாடகை, சம்பளம், லாரியில் கொண்டுவரும் செலவு, நிறுவனத்தின் லாபம், அப்புறம் முக்கியமாக, அட்டை காட்டுகிறவருக்குத் திருப்பித் தரும் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடிப் பணம் பலகை விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இதைப் பிறகு பார்க்கலாம்.

பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம், நாம் வாங்குவது கச்சா எண்ணெய் இல்லை, பெட்ரோல். இரண்டுக்கும் தனித்தனிச் சந்தை. நான் பல வருடம் ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் லாரிகளுக்கு எரிபொருள் வாங்கும் வேலை பார்த்தவன், உலகக் கச்சா எண்ணெய் விலைக்கு அளவுகோலாகச் செய்தியில் சொல்லும் பிரென்ட் என்ற சொல்லே எங்கள் ஒப்பந்தத்தில் இருக்காது, ‘மோப்ஸ்’ என்றுதான் இருக்கும். பிளாட்ஸ் நிறுவனம் தினமும் மாலை நாலரை மணிக்குச் சிங்கப்பூர்ச் சந்தையின் பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் விலைகளை மதிப்பிடுகிறது, அந்த விலைகளின் சராசரிதான் மோப்ஸ். ஆசியாவில் பலர் அதை வைத்துத்தான் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். பக்கத்து நாட்டில் ஒரு பெரிய சுத்திகரிப்பு ஆலை பழுதாகி நின்றால், கச்சா எண்ணெய் அப்படியே இருக்கும்போதே பெட்ரோல் விலை ஏறிவிடும். 2022ஐ நினைத்துப் பாருங்கள். ரஷ்யா உக்ரேனுக்குள் நுழைந்தபின் மார்ச் மாதத்தில் பிரென்ட் 139 டாலர் வரை தொட்டது, இங்கே 95 ரகம் 3 வெள்ளியைத் தாண்டியது. ஜூன் மாதத்தில் பிரென்ட் அந்த உச்சத்துக்குக் கீழேதான் இருந்தது, ஆனால் நம் நிலையங்களில் விலை மார்ச்சைவிட அதிகம். காரணம், ஆலைகள் போதவில்லை, கச்சா எண்ணெயைப் பெட்ரோலாகவும் டீசலாகவும் மாற்றித் தரும் கூலி அந்த மாதம் வரலாறு காணாத உயரத்துக்குப் போயிருந்தது.

“நம் ஊரிலேயே சுத்திகரிக்கிறார்களே, நமக்கு ஏன் மலிவாகத் தரக்கூடாது?” என்று காப்பிக்கடையில் கேட்காதவர் இல்லை. கேட்பதில் நியாயம் இருக்கிறது. புலாவ் புக்கோமில் 1961லேயே சுத்திகரிப்பு ஆலை வந்துவிட்டது, இன்று ஜூரோங் தீவிலும் இருக்கிறது. ஆனால் நம்மிடம் ஒரு துளி கச்சா எண்ணெய் கிடையாது, எல்லாமே கப்பலில் வருகிறது. ஆலைக்காரர் அதே பெட்ரோலை இந்தோனேசியாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ மோப்ஸ் விலைக்கு விற்க முடியும்போது, நமக்கென்று குறைத்துத் தரமாட்டார். நமக்கு உண்மையில் உதவுவது நம் வெள்ளியின் பலம். எண்ணெய் டாலரில் விலை பேசப்படுகிறது, நம் நாணய ஆணையம் வட்டியை விட்டுவிட்டு வெள்ளியின் மாற்று மதிப்பை வைத்துத்தான் விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறது, அதனால் எண்ணெய் ஏறும் அடியில் கொஞ்சம் வெள்ளி தாங்கிக்கொள்கிறது. இது ரசீதில் தெரியாது, ஆனால் சின்ன உதவி இல்லை.

ஏறும்போது வேகமாக ஏறி, இறங்கும்போது மெதுவாக இறங்குகிறது என்ற உங்கள் குறை சரியானதுதான், இதை உங்கள் மனப்பிரமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல நாடுகளில் பொருளியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்து, ராக்கெட் போல ஏறி இறகு போல இறங்குகிறது என்று பெயரே வைத்திருக்கிறார்கள். விலை ஏறும்போது நாம் பதறி அடுத்தடுத்த நிலையங்களில் விலை பார்க்கிறோம், இறங்கும்போது “சரி, ஐந்து காசு குறைந்திருக்கிறது” என்று திருப்தியாகிப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம், நாம் பார்க்காதபோது இறக்குவதற்கு அவர்களுக்கு அவசரம் இல்லை. 2025 ஜூன் மாதம் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்டபோது ஹோர்முஸ் நீரிணை அடைபடுமோ என்ற பயத்தில் பிரென்ட் 80 டாலரைத் தாண்டியது, உலகம் தினமும் செலவழிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு போகும் வழி அது. சண்டை நிறுத்தம் என்றதும் இரண்டே நாளில் 70க்குக் கீழே வந்துவிட்டது. இப்படி வந்து போகும் பயத்தின் விலையைப் பின்தொடர்ந்து நீங்கள் டேங்கை நிரப்ப ஓட வேண்டாம். 45 லிட்டர் டேங்க், விலை ஐந்து காசு ஏறப்போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், முன்கூட்டி நிரப்பினால் மிச்சம் 2 வெள்ளி 25 காசு. அதுவும் டேங்க் காலியாக இருந்தால்தான். அதற்காக வேலை முடிந்த களைப்பில் வரிசையில் இருபது நிமிடம் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, பணம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். இதைத்தான் நான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

அடுத்த முறை பெட்ரோல் போடும்போது மூடியைத் திறந்தவுடன் அந்தச் சின்னக் கதவின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஒரு ஒட்டுத்தாள் இருக்கும், வெயிலில் வெளுத்துப்போயிருக்கலாம், விரலால் தூசியைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். எந்த ரகம் போட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும். உங்களுடையதைப் போன்ற சாதாரண 1.6 லிட்டர் ஜப்பானிய காருக்குப் பெரும்பாலும் 95 தாராளம், பலவற்றுக்கு 92கூடப் போதும். இந்த 95, 98 எல்லாம் ஆக்டேன் எண், அது பெட்ரோலின் சத்து இல்லை. எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறும்போது நேரத்துக்கு முன்னால் தானாக வெடித்துவிடாமல் தாங்கும் திறன், அவ்வளவுதான். அழுத்தம் அதிகமுள்ள எஞ்சினுக்கு, சில டர்போ கார்களுக்கு, 98 உண்மையாகவே வேண்டும், அவர்கள் குறைக்கக்கூடாது. கேட்காத எஞ்சினுக்கு 98 ஊற்றினால் அது கூடுதலாக ஓடாது. 95க்கும் 98க்கும் பலகை விலையில் அரை வெள்ளி அளவு வித்தியாசம் இருக்கிறது, அதில் 13 காசு தீர்வை. “98 போட்டால் எஞ்சின் சுத்தமாக இருக்கும்” என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சுத்தம் செய்வது அதில் கலக்கும் மருந்து, ஆக்டேன் எண் இல்லை, 95லும் அந்த மருந்தைக் கலந்து விற்கிறார்கள்.

இப்போது ரசீதை எடுங்கள். பலகை விலை ஒரு வரியில், லிட்டர் ஒரு வரியில், கீழே தள்ளுபடி ஒரு வரியில் இருக்கும். கடைசியில் கொடுத்த தொகையை லிட்டரால் வகுத்துப் பாருங்கள். அந்த எண் ஒன்றுதான் உங்கள் விலை. நீங்கள் கொடுக்கும் 400 வெள்ளியை 135 லிட்டரால் வகுத்தால் 2.96 வருகிறது. அதாவது 3.30 பலகை விலையில் 98 போட்டு, நிலையத்தின் உறுப்பினர் அட்டைக்குப் பத்து விழுக்காடு மட்டும் வாங்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அதே நிலையத்தில் 95 போட்டு, உறுப்பினர் அட்டையோடு அந்த நிலையத்துக்குப் பொருந்தும் வங்கி அட்டையையும் சேர்த்து 20 விழுக்காடு வாங்கினால் லிட்டர் 2.24க்கு வருகிறது. 135 லிட்டருக்கு 302 வெள்ளி. மாதம் ஏறக்குறைய நூறு வெள்ளி மிச்சம். கச்சா எண்ணெய் 10 டாலர் இறங்கினால் கிடைப்பது 12 வெள்ளி என்று சொன்னேனே, பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வங்கி அட்டையில் மட்டும் ஜாக்கிரதை. மாதம் குறைந்தது இவ்வளவு செலவு செய்தால்தான் கூடுதல் தள்ளுபடி என்று சிலவற்றில் நிபந்தனை இருக்கும், அதற்காகத் தேவையில்லாததை வாங்கினால் மிச்சம் எல்லாம் போய்விடும். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் 2020ல் ‘ஃபியூல் காக்கி’ என்ற இணையத்தளத்தைத் தொடங்கியது, உங்களிடம் உள்ள அட்டைக்கு எந்த நிலையத்தில் கடைசி விலை என்ன என்று அதில் ஒப்பிடலாம். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அட்டை இல்லாத முதியவரும், ரொக்கம் கொடுக்கும் மோட்டார்சைக்கிள்காரரும் முழுப் பலகை விலையைக் கொடுக்கிறார்கள், அட்டைக்காரர்களின் தள்ளுபடியை ஒருவகையில் அவர்கள்தான் தாங்குகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் முதலில் அவர்களுக்கு அந்த இலவச உறுப்பினர் அட்டையையாவது எடுத்துக் கொடுங்கள்.

ஜோகூர் விஷயம் சுருக்கமாக. சிங்கப்பூர் வாகனம் எல்லையைத் தாண்டும்போது டேங்க் முக்கால் அளவாவது இருக்க வேண்டும், 1991லிருந்து இதுதான் சட்டம், மீறினால் அபராதம், திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். அங்கே மானிய விலை ரோன்95, அதாவது 95 ரகம், வெளிநாட்டு வண்டிக்குக் கிடையாது, ரோன்97தான் போடலாம். அது நம் பலகை விலையில் பாதிக்கும் குறைவாக இருப்பது வழக்கம் என்றாலும், காலியாக இருக்கும் கால் டேங்கில் 11 லிட்டர்தான் கொள்ளும். 20 ரிங்கிட் சாலைக் கட்டணம், சுங்கம், கடற்பாலத்தில் நெரிசலில் நின்று எரிக்கும் பெட்ரோல் எல்லாம் கழித்தால் கையில் ஒன்றும் தேறாது. உறவினர் வீட்டுக்குப் போகிறீர்கள், திரும்பும் வழியில் நிரப்புகிறீர்கள், நல்லது. பெட்ரோலுக்காகவே போகாதீர்கள்.

டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள், துவாஸ் போகிற வழியில் அவ்வளவு தூரம் ஒரே சீராக ஓடும் வண்டிக்குக் காற்று குறைந்தால் பெட்ரோல் கூடும். வண்டி சூடாவதற்கு முன், வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில், காலையில் பாருங்கள். எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஓட்டுநர் கதவின் ஓரத்தில் எழுதியிருக்கும்.

மச்சானுக்கு வருகிறேன். டீசலின் தீர்வை லிட்டருக்கு 20 காசுதான், 2019 பிப்ரவரியில் 10 காசிலிருந்து ஏற்றியது. தீர்வை குறைவு என்பதால் உலக விலையின் ஆட்டம் அவர் ரசீதில் உங்களுடையதைவிட அதிகமாகத் தெரியும், குளிர்காலம் வந்தாலோ, ஐரோப்பா ரஷ்ய டீசலை 2023 பிப்ரவரியில் நிறுத்தியது போல ஏதாவது நடந்தாலோ, பெட்ரோல் சும்மா இருக்கும்போதும் டீசல் தனியாக ஏறும். அதனால் மாதக் கட்டணம் பேசி வேலை எடுக்கும்போது, டீசல் இன்ன விலையைத் தாண்டினால் இவ்வளவு கூடுதல் என்று ஒரு வரியை வாடிக்கையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், நாங்கள் லாரிகளுக்கு அப்படித்தான் செய்தோம். அவர் தொழில் பொருள் சேவை வரிக்குப் பதிவானது என்றால், சரக்கு வேனுக்குப் போட்ட டீசலில் உள்ள வரியைத் திரும்பக் கோரலாம், சொந்தக் காருக்கு அது முடியாது. நிலையத்தில் கொடுக்கும் ரசீதைச் சட்டைப்பையில் கசக்கிப் போடாமல் ஒரு உறையில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், வெப்பத்தாளில் அச்சான எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், அன்றன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது.