வேதியியலில் சொல்லும் பதிலீடும் உயிரியலில் சொல்லும் பதிலீடும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. பெரம்பூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதே சந்தேகத்தோடு வந்து நிற்பார்.

வேதியியலில் ஒன்று வெளியேற, அந்த இடத்தில் வேறொன்று வந்து அமர்கிறது. பொருளே மாறிவிடுகிறது. இதை நான் வாயால் விளக்குவதில்லை. உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்த இரும்பு ஆணி ஒன்றை மயில்துத்தக் (செம்பு சல்பேட்) கரைசலில் போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடர்வேன். அரை மணி நேரத்தில் ஆணியின் மீது செம்பு படிந்திருக்கும். நீலம் மெல்ல வெளிறி இளம்பச்சைக்குப் போகும். ஓர் இரும்பு அணு கரைசலுக்குள் இறங்கும்போது ஒரு செம்பு அணு வெளியேறி ஆணியில் ஒட்டிக்கொள்கிறது. இரும்புக்கு வினைத்திறன் அதிகம் என்பதே காரணம். செம்புக் கம்பியை இரும்பு சல்பேட்டில் நாள்கணக்கில் ஊறப்போட்டாலும் ஒன்றும் நடக்காது.

நம் சென்னை அடுக்குமாடிகளில் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க வைக்கும் வாட்டர் சாஃப்ட்னரிலும் இடம் மாறுவதுதான் நடக்கிறது. ஒரு கால்சியம் அயனி உள்ளே பிடிபட்டால் இரண்டு சோடியம் அயனிகள் வெளியே வரும், ஏனென்றால் கால்சியத்தின் மின்சுமை இரண்டு, சோடியத்தினுடையது ஒன்று. தீர்ந்துபோன சோடியத்தை மறுபடி ஏற்றத்தான் மூட்டை உப்பு வாங்குகிறோம்.

உயிரியலில் பெரும்பாலும் கதை வேறு. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உழைத்து அழிகிறது. எலும்பு மஜ்ஜையில் பிறந்த இன்னொரு சிவப்பணு அதன் வேலையை ஏற்கிறது. போனதும் வந்ததும் ஒரே வகை. உடல் மாறாமல் இருப்பதற்காகவே இந்த ஓயாத மாற்றம், அதுவும் வினாடிக்குச் சுமார் 20 லட்சம் அணுக்கள் என்ற வேகத்தில்! எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வேதியியல் பொருளிலான பதிலீடு உயிருக்குள்ளும் நடப்பதுண்டு. சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்தால், டி.என்.ஏ.வில் மாறியிருப்பது ஒரே ஓர் எழுத்து. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தவர்களுக்குக் கதிர் அரிவாள் இரத்தசோகை உண்டாகிறது. எங்கோ இருக்கும் நோயல்ல. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த மரபணு இருப்பது 1952-லேயே வெளிவந்தது.

இந்த நோயில் அரிவாள்போல வளைந்துபோகும் சிவப்பணு 10 முதல் 20 நாளுக்குள் அழிந்துவிடும். எலும்பு மஜ்ஜை எவ்வளவு விரைந்து புதியவற்றை அனுப்பினாலும் ஈடுகட்ட முடிவதில்லை. சோகை வருவது அதனால்தான்.