பனிச்சரிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாங்கள் மலையேறிகள் அல்லர், குடும்பத்தோடு சிக்கிம் செல்கிறோம். எங்களுக்கும் பனிச்சரிவு ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. 2023 ஏப்ரல் 4 அன்று காங்டாக்–நாதுலா சாலையில் 15ஆவது மைல் அருகே பனி சரிந்து ஏழு சுற்றுலாப் பயணிகள் உயிரிழந்தனர். அன்று 13ஆவது மைல் வரை செல்ல மட்டுமே அனுமதி இருந்தது என்று அதிகாரிகள் தெரிவித்தனர். சாலை சமதளமாக இருப்பதால் ஆபத்து இல்லை என்று நினைப்பதுதான் தவறு. பனி மேலே செங்குத்தான சரிவில் பிளந்து, கீழே நீங்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும் இடத்தில் வந்து நிற்கும். எனவே காலடியைப் பார்ப்பதற்கு முன் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஓட்டுநர் தடுப்பைத் தாண்டிப் போகலாம் என்றால் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: எந்தச் சரிவு ஆபத்தானது என்று எப்படி அறிவது?

பதில்: பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் தொடங்குகின்றன. வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறக்குறைய 30 பாகை என்பதால், அதைவிடச் செங்குத்தாகத் தெரியும் பனி மூடிய மலைச்சரிவை ஐயத்துடனே அணுகலாம். பழைய பனியின் மேற்பரப்பில் ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்கள் உருவாகி, அவற்றின்மீது புதுப்பனியும் காற்று அடித்துச் சேர்த்த பனியும் இறுகிய பலகைபோல் படியும்போது, ஒரு மனிதரின் எடையே அடியிலுள்ள அந்த நலிந்த அடுக்கை நொறுக்கப் போதுமானது. உயிரிழப்பு நேர்ந்த பெரும்பாலான பனிச்சரிவுகளைத் தூண்டியவர்கள், சிக்கியவர்களோ அவர்களுடன் சென்றவர்களோதான். காலடியில் 'வும்' என்று அமுங்கும் ஓசை, பனியில் ஓடும் விரிசல், பக்கத்துச் சரிவில் அண்மையில் சரிந்த தடம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: உரக்கக் கத்தினால் பனி சரியுமா?

பதில்: சரியாது. மனிதக் குரலின் அழுத்தம் அதற்குப் போதாது. வெடிமருந்தின் அழுத்தம் வேறு.

கேள்வி: குல்மார்கில் பனிச்சறுக்கு செய்யப்போகிறேன். கைப்பேசி இருக்கும்போது டிரான்ஸீவர் எதற்கு?

பதில்: 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் அந்தக் கருவி, புதைந்தவரின் இருப்பிடத்தைத் தோழர்களுக்குக் காட்டும், கைப்பேசி அந்த வேலையைச் செய்யாது. துழாவும் நீள்கம்பியும் மண்வாரியும் இல்லாவிட்டால் கருவியால் பயனில்லை, ஏனெனில் நின்றுவிட்ட பனி சிமென்ட்போல் இறுகிவிடும். பயிற்சியும் வேண்டும், கருவியைப் பெட்டியிலிருந்து முதன்முதலில் மலையில் பிரிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கும்.

கேள்வி: சியாச்சினில் ஆறு நாள் கழித்து ஒருவர் உயிருடன் மீட்கப்பட்டாரே?

பதில்: 2016 பிப்ரவரி 3 அன்று புதைந்த பத்து வீரர்களில் நால்வர் தமிழ்நாட்டவர். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் சுமார் 25 அடி ஆழத்திலிருந்து உயிருடன் எடுக்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று மருத்துவமனையில் இறந்தார். கூடாரத்தினுள் காற்று எஞ்சியிருந்ததே அவர் அத்தனை நாள் தாங்கியதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. திறந்த வெளியில் புதைபவருக்கு அது கிடைப்பதில்லை: முதல் 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்படுவோரில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர், 35 நிமிடம் கடந்தால் ஏறக்குறைய மூவரில் ஒருவரே. அதற்குள் வந்து சேரக்கூடியவர்கள் உடன் சென்றவர்கள் மட்டுமே என்பதால்தான், ஆபத்தான சரிவை ஒருவர் கடக்கும்போது மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறோம்.