மீன் தொட்டி நீல மருந்தை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வண்ண மீன் கடை வைத்திருக்கிறேன். மீன்களுக்கு ஊற்றும் மெத்திலீன் புளூ, ஆய்வகத்தில் கொரோனா வைரஸை அழித்ததாக வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். அடிக்கடி சளி பிடிக்கும் என் அம்மாவுக்குத் தினமும் சில சொட்டு கொடுக்கலாமா? மனச்சோர்வுக்கு எஸ்சிடலோப்ராம் சாப்பிடுகிறார்.

பதில்: வேண்டவே வேண்டாம். கடைசியில் சொல்லியிருக்கிறீர்களே, அந்த மாத்திரைதான் எனக்குப் பெரிய கவலை. மெத்திலீன் புளூ, மூளையில் செய்தி கடத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியை முடக்கும். எஸ்சிடலோப்ராமுடன் சேர்ந்தால் செரோடோனின் அளவுமீறி நடுக்கம், பதற்றம், கடும் காய்ச்சல் வரலாம், உயிரே போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே இதை எச்சரித்திருக்கிறது. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அந்த அணுக்களும் உடையலாம்.

வாடிக்கையாளர் பொய் சொல்லவில்லை. குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களைத் தட்டின் சிறு குழிகளில் வளர்த்து, வைரஸைச் செலுத்தி, மெத்திலீன் புளூ என்ற இந்தச் சாயத்தைக் குழிக்குக் குழி அடர்த்தி மாற்றிச் சேர்க்கிறார்கள். எந்த அடர்த்தியில் வைரஸ் பெருக்கம் பாதியாகிறது, எந்த அடர்த்தியில் செல்லே பாதி செத்துப்போகிறது என்று இரண்டையும் அளப்பார்கள். இடைவெளி குறுகலாக இருந்தால் அது மருந்தல்ல, நஞ்சு. இன்னொன்று, வெளிச்சம். ஒளி பட்டால் இந்தச் சாயம் வீரியமிக்க ஆக்சிஜனை உண்டாக்கி வைரஸைச் சிதைக்கும். ஐரோப்பாவின் சில நாடுகளில் தானமாகப் பெற்ற பிளாஸ்மாவை (இரத்தத்தின் திரவப் பகுதியை) இப்படித்தான் சுத்திகரித்து, பிறகு சாயத்தை வடிகட்டுகிறார்கள். நுரையீரலுக்குள் வெளிச்சம் ஏது?

இருட்டிலும் ஓரளவு பலன் கிடைத்தது உண்மைதான். ஆனால் மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினும் வீரோ செல்களில் வைரஸைத் தடுத்தது. மனித நுரையீரல் செல்களில் தடுக்கவில்லை. 2020-இல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், மருத்துவமனை நோயாளிகளின் இறப்பையும் அது குறைக்கவில்லை.

மருத்துவர்களும் மெத்திலீன் புளூ தருகிறார்கள். இரத்தம் ஆக்சிஜனைச் சரியாகச் சுமக்க முடியாமல் போகும் மெத்ஹீமோகுளோபினீமியாவுக்கு, எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இரத்தநாளத்தில் ஊசி வழியே. அந்தத் தூய்மை உங்கள் கடைப் புட்டியில் இருக்காது.

ஏற்கெனவே கொடுத்திருந்தால் உடனே நிறுத்துங்கள். சிறுநீர் நீலப்பச்சையாக வந்தால் அதற்காகப் பதற வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். இரத்தத்தில் கலந்த சாயம் ஆக்சிஜன் அளவைக் குறைத்துக் காட்டும். நடுக்கமோ குழப்பமோ தெரிந்தால் புட்டியையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். எஸ்சிடலோப்ராமை நீங்களாக நிறுத்தாதீர்கள்.